பூட்டினால் போதுமா?
கையேட்டைப் பார்த்து எவரும் காரில் சிறுவர் ஆசனத்தைப் பூட்டலாம், அதற்கான பயிற்சியும் மறுசான்றிதழும் காசு பிடுங்கும் வேலை என்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய, மூன்று பிள்ளைகள் பாவித்த ஆசனத்தோடு கையேடு வருகிறதா? பட்டி செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஆசனம் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. தோள்பட்டியைக் கிள்ளினால் மடிப்பு அகப்படக்கூடாது. வெள்ளவத்தையில், காலி வீதியோரம் அவசரமாகப் பிள்ளையை ஏற்றுபவர் இதையெல்லாம் பார்ப்பாரா? முன்னிருக்கையில், காற்றுப்பைக்கு எதிரே பின்னோக்கி வைத்த ஆசனமும் பார்வைக்கு ஒழுங்குதான்.

படித்தவருக்கு மறுபடி எதற்கு? இலங்கையில் 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல் திறந்தது. பழைய பாடம் புது மாடலுக்குப் போதுமா? ஆசனம் பூட்டப் பயின்றவருக்கான அமெரிக்கச் சான்றிதழ் 2 வருடமே செல்லும். புதுப்பிக்க, 5 ஆசனச் சோதனைகளில் தேற வேண்டும். காசுதான் குறியென்றால் அந்தச் சோதனை எதற்கு? கொட்டாஞ்சேனையில் முச்சக்கரவண்டியில் போகிறவருக்கு இதனால் என்ன என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதில் சிறுவர் ஆசனத்தைப் பூட்ட முடியாதென்று முகத்துக்கு நேரே சொல்லவும் பயின்றவர்தான் வேண்டும், விற்பனையாளர் சொல்லமாட்டார்.