வெடிக்கும் நட்சத்திரமும் ஜோசியர் நட்சத்திரமும்

நமது நாட்டில் நட்சத்திரம் என்றால் ஜனங்களுக்கு முதலில் ஞாபகத்திற்கு வருவது வானமல்ல; ஜோசியரேயாவார். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களில் துறைமுகத்திலும் ஆலையிலும் கடலிலும் பாடுபட்டுப் பிழைக்கின்ற நம் தோழர்கள் வீட்டில்கூட, பெண் மூல நட்சத்திரத்தில் பிறந்துவிட்டால் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லிக் கலியாணம் தட்டிப்போகின்றது. அந்தப் பெண் செய்த குற்றம் என்ன என்று கேட்கின்றோம்.

ஆகவே, நட்சத்திரத்தை மெய்யாகவே அளந்து பார்த்தவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைச் சிறிது கவனிப்போம்.

காசிமேட்டிலிருந்து இரவில் கடலுக்குப் போகும் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒரு விளக்கு மங்கலாய்த் தெரிந்தால், அது கிட்டத்திலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா என்று சொல்ல முடியாது. ஆனால் அது இவ்வளவு பிரகாசமுள்ள விளக்கு என்று முன்னமே தெரிந்தால், மங்கலைக் கொண்டே தூரத்தைச் சொல்லிவிடலாம். தூரம் 2 மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. 3 மடங்கானால் ஒன்பதில் ஒன்று. வானத்திலும் இதே கணக்குத்தான். வேண்டுவதெல்லாம் பிரகாசம் தெரிந்த ஒரு விளக்கே.

அவ்விளக்கை விளங்கிக்கொள்ள உதவிய கணக்கு நம் சென்னையில் படித்தவருடையது. மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் தமது 19-ம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இதைப் போட்டார். எரிந்து ஓய்ந்து சுருங்கிப்போன ‘வெள்ளைக் குள்ளன்’ என்னும் நட்சத்திரம், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்காது என்பதே அக்கணக்கின் முடிவு. பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை இழுத்து அவ்வெல்லையை நெருங்கும் வெள்ளைக் குள்ளன் வெடித்துச் சிதறுகின்றது என்கின்றனர் வானநூலார். இவ்வகை வெடிப்புகளின் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றாயிருக்கின்றது. இருக்கும் சிறு வித்தியாசத்தையும், மெதுவாய் மங்குவது அதிகப் பிரகாசமுள்ளது என்று கண்டு திருத்திக்கொள்கின்றனர். 2011 ஆகஸ்டில் காணப்பட்ட அத்தகைய வெடிப்பு ஒன்று சுமார் 2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நிகழ்ந்தது. அதன் ஒளி புறப்பட்டபோது பூமியில் மனிதனே இல்லை, ஜோசியர் ஏது?

சந்திரசேகரின் கணக்கை 1935-ல் லண்டன் வானநூல் சங்கத்தில் உலகப் பிரசித்தி பெற்ற எடிங்டன் ஏளனம் செய்தார். பெரியவர் சொல்லிவிட்டாரென்று பலர் வாய்மூடி இருந்தனர். முடிவில் நின்றது பெரியவர் வாக்கல்ல, கணக்கே! 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் வந்தது.

1998-ல் இரண்டு கூட்டத்தார் வெகுதூரத்து வெடிப்புகளை அளந்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாயிருந்தன. பிரபஞ்சம் விரிவது வரவரக் குறையுமென்று நினைத்திருந்தவர்கள், அது அதிகரிக்கின்றதென்று கண்டு, அதை ஒளிக்காமல் உலகறியச் சொன்னார்கள். தன் கணக்குப் பொய்த்ததென்று ஜோசியம் என்றைக்காவது இப்படிச் சொன்னதுண்டா?

மூலம் என்பது தேள் வடிவக் கூட்டத்தின் வாலிலுள்ள நட்சத்திரங்களாகும். அதில் முக்கியமானதன் ஒளி நம்மை வந்து சேரவே பல நூறு ஆண்டுகள் செல்லும். இன்று பிறந்த பெண்ணின்மேல் படும் ஒளி, அவள் பாட்டிக்குப் பாட்டி பிறக்கும் முன்பே புறப்பட்டதாகும். அதற்கு இவள் மாமனார் யாரென்று எப்படித் தெரியும்?

தோழர்களே! ஜோசியருக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைகளைக் கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்துக்கு ஒருமுறை அழைத்துப்போங்கள். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தைக் கேளாதீர்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள்.