விறகு இல்லாத உலர் உணவுப் பொதி

பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வீட்டை மட்டும் தனிமைப்படுத்துவது எழுத்தில்தான் நடக்கும். வரிசை வீடுகளான லயத்துக்குக் கூரை ஒன்று, பல இடங்களில் தண்ணீர் பிடிக்கும் பீலியும் ஒன்று. ஒரு காம்பிராவில் தொற்று என்றால் வரிசையே உள்ளே இருக்க வேண்டியதுதான்.

2020 மார்ச் 20 கொவிட் ஊரடங்கிலும் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் மினுவாங்கொடைக் கொத்தணி பரவியபோது, 14 நாள் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்று அரசு அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. கணவனும் மனைவியும் ஆளுக்கு 12 நாள் வேலை இழந்தால் 16,800 ரூபா போய்விடும். அதே காம்பிராவில் கல்யாணம் கட்டிய மகனின் குடும்பமும் இருந்தால், பட்டியல் அவர்களை ஒரு குடும்பமாக எண்ணுமா, இரண்டாகவா? பொதி குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அரிசியும் பருப்பும் வந்து சேர்ந்தாலும் அடுப்பு எரிய வேண்டுமே. பெரும்பாலான லயங்களில் இன்றும் விறகடுப்புத்தான். வேலை முடிந்து வருகிற பெண் தலையில் ஒரு கட்டுக் கொண்டுவந்தால்தான் இராச்சாப்பாடு. வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, வேக நேரமெடுக்கும் பருப்பைக் கொடுத்தோம். காலையில் ரொட்டி சுடும் வீட்டுக்குக் கோதுமை மாவே முதல் தேவை. அதற்கு விறகும் குறைவு.

நிவாரணத்தை நோய்த்தடுப்பின் வெளியே வைத்துப் பார்ப்பது நம் சுகாதாரத் துறையின் பழைய வழக்கம். ஆனால் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்தார் மருந்தோடு உணவும் கொண்டுபோனார்கள், அவர்களில் ஒருவரான என்.எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். உடல் தேறச் சோறும் வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 32 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடளாவிய அளவு 17. இந்தப் பிள்ளைகளுக்குப் பொதி மூன்று நாள் பிந்துவது சின்ன விஷயமல்ல.

எனவே அடுத்த முறை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தனிமைப்படுத்தல் கடிதம் கொடுக்கும் நாளே பொதியும் போக வேண்டும். குடும்பங்களை அடுப்புக் கணக்கில் எண்ணுவோம். பால்குடிப் பிள்ளை, கர்ப்பிணி விவரம் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பொதி வராமல் குறுக்குப் பாதையால் கடைக்கு இறங்கியவர்மேல் வழக்குப் போடுவதற்கு முன் கடிதமும் பொதியும் கொடுத்த திகதிகளைப் பார்ப்போம். விறகுக்கு, கொழுந்து லொறி திரும்பும் வழியில் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறுக் குச்சிகளை ஏற்றி லயத்தடியில் இறக்கலாம். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை, தோட்டத் துரை மனது வைத்தால் போதும்.