வீடு கொடுத்தாச்சு... அக்கம்பக்கம் எங்கே?

ஏழைக்கு பேங்க் எது? பக்கத்து வீடு!

அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி எது? எதிர்வீட்டுக்காரர் ஓட்டும் ஆட்டோ!

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா யார்? அடுத்த குடிசைப் பாட்டி!

கூவம் கரையிலும், அடையாற்றங்கரையிலும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டுப் பிழைத்தவர்களுக்கு இது வாழ்ந்து தெரிந்த கணக்கு. விடியற்காலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண், "யக்கா, புள்ளைய ஒரு கண்ணு பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போவாள். கூலி வராத நாளில் அரை கிலோ அரிசி கைமாத்தாக வரும். சாவு விழுந்தால் தெருவே கூடிக் காசு போடும்.

இதற்குப் பத்திரம் இல்லை. பட்டா இல்லை. ஆனால் சொத்துதான்! ஏழையிடம் இருந்த ஒரே சொத்து.

அந்தச் சொத்தைத்தான் மக்கள் இழந்திருக்கிறார்கள். அதற்கு நஷ்டஈடு என்று யாரும் ஒரு பைசா எழுதியதில்லை.

அன்று இருந்த இடத்திலேயே!

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் பிறந்தது. 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஆரம்பத்தில் வாரியம் செய்த வேலை என்ன? குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. ஓலைக் கூரை போய் காங்கிரீட் கூரை வந்தது. ஜனங்கள் அதே ஜனங்கள். வேலை, பள்ளிக்கூடம், கடைக்காரரிடம் வைத்த கணக்கு, எதுவும் மாறவில்லை.

பிறகு நகரத்தில் நிலத்தின் விலை ஏறியது. ஏழை நின்ற இடம் மற்றவர் கண்ணில் பட்டது. 2000-ம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர் வந்தது. அடுத்து செம்மஞ்சேரி. பிறகு எழில் நகர், பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்தன.

நகரத்தின் நடுவில் இருந்தவர்களுக்கு அது 20 கிலோமீட்டருக்கு மேல்!

நியாயம் இல்லாமல் இல்லை

ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து. அதை யாரும் மறுக்க முடியாது. 2015-ல் அடையாறு பொங்கியபோது முதலில் போனது குடிசைகள்தான். புதிய வீட்டில் கதவு உண்டு. கக்கூஸ் உண்டு. மழை ஒழுகாது. வயசுக்கு வந்த பெண் பிள்ளை இருட்டில் வெளியே போக வேண்டியதில்லை. இவையெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வீடு ஒதுக்கிய விதம் என்ன? குலுக்கல்! குடும்பத்துக்கு ஒரு சீட்டு. சீட்டில் வந்த எண்தான் வீடு. முப்பது வருஷம் சுவரை ஒட்டி வாழ்ந்த அக்கா ஒரு பிளாக். தங்கச்சி இன்னொரு பிளாக். தாய் ஏழாவது மாடி. மகன் எங்கேயோ.

பெரும்பாக்கத்தில் கட்டியவை எட்டு அடுக்கு. லிப்ட் நின்றுவிட்டால் முட்டி வலிக்காரக் கிழவி மாடியிலேயே கைதி! பழைய தெருவில் திண்ணையில் உட்கார்ந்து பத்து பிள்ளைகளை மேய்த்தவள் அவள். இங்கே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

வீட்டு வேலை செய்த பெண் என்ன ஆனாள்? மந்தைவெளியில் நாலு வீடு வேலை பார்த்தவள் அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். 2021 மே மாதம், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. நல்ல காரியம்! காசு மிச்சம். ஆனால் போகிற வருகிற நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அம்மா பஸ்ஸில் நிற்கிற நேரத்தில் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறது. பார்த்துக்கொள்ளப் பழைய பாட்டி பக்கத்தில் இல்லை.

கைமாத்து கொடுக்கத் தெரிந்த முகம் இல்லை என்றால் யார் வருவார்? கந்துவட்டிக்காரன் வருவான்!

ஒரு தலைமுறை ஆகும்

"போகப் போகப் பழகிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. பழகும்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவரும் இருந்தார். நகரமே கை தட்டியது. தட்ட வேண்டியதுதான்!

ஆனால் கணக்குப் பாருங்கள். கண்ணகி நகர் தொடங்கி 25 வருஷம்! "எந்த ஏரியா? கண்ணகி நகரா? வேலை இல்ல, போ" என்று விரட்டப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பேரை மாற்ற அங்கே பிறந்த ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் மறுபடி உறவு முளைக்க அவ்வளவு நாள் ஆகிறது. முளைத்து நின்றதை வேரோடு பிடுங்காமல் இருந்திருந்தால்?

செய்ய முடியாததா?

செலவு பெரிசாக இல்லை. மனசு வேண்டும்.

முடிந்தவரை பக்கத்திலேயே இடம் பாருங்கள். வாரியம் தன் பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டி வருகிறது. அதே இடத்தில் கட்ட முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தள்ளிப் போயே தீரவேண்டும் என்றால் தெருவோடு அனுப்புங்கள். குலுக்கல் குடும்பத்துக்கு வேண்டாம், தெருவுக்கு நடக்கட்டும்! ஒரு தெரு ஜனம் ஒரே பிளாக்கில் இறங்கட்டும். யாருக்கு யார் வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். சொல்வார்கள்.

வயசானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் தரைத்தளம்.

பள்ளிக்கூடம் நடக்கிறபோது வீட்டை இடிக்காதீர்கள். பரீட்சை முடியும்வரை ஆறு ஓடிப்போய்விடாது!

நகரத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாத்திரம் தேய்த்தவர், துணி தேய்த்தவர், குப்பை அள்ளியவர் ஒருநாள் வரவில்லை என்றால் "எங்கே காணோம்?" என்று அலுத்துக்கொண்டால் போதாது. எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று விசாரியுங்கள். வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர் நின்றபோது படகு கொண்டுவந்து மாடி வீட்டுக்காரர்களை இறக்கியது குப்பத்து மீனவர்கள். அப்போது யாரும் விலாசம் கேட்கவில்லை!

வீடு கட்ட கான்டிராக்டர் கிடைப்பார். அக்கம்பக்கம் கட்ட கான்டிராக்டர் கிடையாது. இருப்பதைக் கலைக்காமல் இருப்பதுதான் வழி.

அடுத்த லாரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்னால் அதிகாரிகள் இதை முடிவு செய்யட்டும்!