ஒரு மில்லிமீட்டர் மண் எவ்வளவு எடை?

ஊட்டியில் பெருமழை பெய்யும்போது சாலையோர ஓடைகளில் தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். அது வெறும் கலங்கல் அல்ல. மேலே இருக்கும் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மேல்மண்!

ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் கரைந்து போனால், உழுதவருக்கே தெரியாது. ஆனால், அதன் எடை 10 டன்னைத் தாண்டும். ஒரு லாரி லோடு! ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகவோ நூறாண்டுக்கு மேல்கூட ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பை எப்படி அளக்கிறார்கள்?

சரிவில் சிறு பாத்தி ஒன்றைத் தகடு வைத்து அடைத்து, கீழ்முனையில் தொட்டி வைப்பது ஒரு வழி. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தொட்டியில் சேர்ந்த மண்ணைக் காயவைத்து எடை போடுவார்கள்.

இன்னொரு வழி ஆச்சரியமானது. 1950, 60-களில் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் வெளியான சீசியம்-137, மழையோடு உலகெங்கும் இறங்கி மண்ணில் ஒட்டிக்கொண்டது. அது பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டுகள் ஆகும். அதனால் மிச்சம் இன்றும் இருக்கிறது. மண் அரிக்கப்படாத சமவெளிப் புல்தரையைவிடச் சரிவில் சீசியம் குறைவாக இருந்தால், அங்கே மண் போயிருக்கிறது. அதிகமாக இருந்தால், மேலிருந்து வந்து படிந்திருக்கிறது.

ஆனால், சீசியம் பல ஆண்டுகளின் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்த மழை அடித்துச் சென்றது என்று சொல்லாது. இன்று தெரிய வேண்டியதே அதுதான். காற்று 1 டிகிரி சூடானால், சுமார் 7 சதவிகிதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது நினைவிருக்கலாம். மாதம் முழுக்கத் தூறும் மழை எடுக்காத மண்ணை, இப்படி ஒரு நாள் மழை எடுத்துவிடும். ஆண்டுச் சராசரியில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்! அதனால்தான் பாத்தியும் தொட்டியும் இன்னும் தேவைப்படுகின்றன. கூடவே, நிமிடக் கணக்கில் பதியும் மழைமானியும்.

தோட்டக்காரர்களும் ஓரளவு அளக்கலாம். உழாத சரிவில், வெவ்வேறு இடங்களில் சில இரும்புக் கம்பிகளை அடித்து, மண்மட்டத்தில் பெயின்ட்டால் கோடு போட்டால் போதும். மழைக்காலம் முடிந்ததும் எல்லாக் கம்பிகளிலும் மண் சராசரியாக 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், ஹெக்டேருக்கு 50 டன்னுக்கு மேல் போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மழைக்கு முன்பே, சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டுப் புல் நட வேண்டிய நேரம் அது!