முகாம் ஒரு நாள், சாக்கடை ஆண்டு முழுதும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. ஆனால் அந்தச் செல்வம் எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. மட்டாஞ்சேரி வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் கொண்டு இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

சுகாதாரத்தில் கேரளம் முன்னணி மாநிலம் என்பதில் ஐயமில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்திய அளவில் 28. கேரளத்தில் 6 மட்டுமே. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது சராசரி. ரயில்வேயில் நாங்கள் பாதையின் சராசரி வலிமையைப் பார்த்து வண்டியை விடுவதில்லை. எந்த இடம் பலவீனமோ, அந்த இடத்துக்குத் தக்கபடிதான் வேகத்தைக் குறைப்போம். ஓர் ஊரின் ஆரோக்கியத்தையும் அதன் பலவீனமான தெருவை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊரின் பழைய நோயையே எடுத்துக்கொள்வோம். யானைக்கால் நோய்க்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களில் ஒன்று ‘கொச்சிக் கால்’. அதற்குக் காரணமான புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் சீனாவில் கண்டறிந்தார். 1955-இல் மத்திய அரசு தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. நல்ல பலனும் கிடைத்தது. ஆயினும் மாத்திரை ரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளைத்தான் குறைக்கும். கொசு வளரும் சாக்கடையைச் சரிசெய்யாது.

இந்தக் கொசு தேங்கி நிற்கும் அழுக்குத் தண்ணீரில் பெருகுவது. சாக்கடை ஓட வேண்டுமானால் வாட்டம் வேண்டும். கொச்சியோ கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். கிடைக்கும் வாட்டமே சொற்பம். வேலியேற்ற நேரத்தில் காயல் நீர் எதிர்த்து ஏறும்போது வாய்க்காலில் வருகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது. ராமேஸ்வரம் – கல்வத்தி கால்வாயின் கரையில் குடியிருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேட்டில் வீடு வாங்க வசதியுள்ளவர் மேட்டுக்குப் போகிறார். வாடகை குறைவு என்று பள்ளத்துக்கு வருபவர் கொசுவையும் சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறார்.

குடிநீரும் அப்படித்தான். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க உதவாது. பெரியாற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டுவந்த ஊர் இது. 1914-இல் சொவ்வரையிலிருந்து குழாய் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்றும் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்குத்தான் அழுத்தம் குறைவு. அங்கே குடத்தோடு காத்திருப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபி கானாவை வாசகர்கள் அறிவார்கள். டச்சுக்காரர் காலத்தில் சலவைக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே உழைக்கிறார்கள். ஊர்க் குளங்களில் துவைத்து வந்த அவர்களுக்கு 1976-இல் ஜி.சி.டி.ஏ. தொட்டிகளோடு தனி இடம் கட்டிக் கொடுத்தது. நாளெல்லாம் ஈரத்தில் நிற்பவருக்குக் காலில் வெடிப்பும் சேற்றுப்புண்ணும் வரும். யானைக்கால் வீக்கம் உள்ளவருக்கு அந்த வெடிப்பு வழியே கிருமி புகுந்தால் காய்ச்சலும் வலியும் திரும்பத் திரும்ப வரும், வீக்கமும் கூடும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் துடைத்தாலே இதைப் பெரிதும் தடுக்கலாம். ஆனால் அதற்கும் வீட்டில் நல்ல தண்ணீர் வேண்டுமே!

இது ஏழைகளின் கதை மட்டுமன்று. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச வைத்தியம். அப்படியிருந்தும் கடைநிலை ஊழியரின் இறப்பு விகிதம் மேல்நிலை அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. அந்த ஆராய்ச்சியை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2008-இல் அறிக்கை தந்தது. பிறந்து வளரும், வேலை செய்யும், வாழும் சூழ்நிலையே ஆரோக்கியத்தை முடிவு செய்கிறது என்பதே அதன் சாரம். ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான்.

நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் இலவச மருத்துவ முகாமை நான் குறை கூறவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதை அங்கேதான் பலர் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். முகாம் தொடரட்டும். ஆனால் முகாமிலிருந்து வீடு திரும்பும் மனிதர் அதே பள்ளத்துக்கு, அதே கொசுவுக்குத்தானே திரும்புகிறார்? சாக்கடை கட்டுவது கார்ப்பரேஷன் வேலை, சங்கத்துக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். கட்டுவது அவர்கள் வேலை. கேட்பது நம் வேலை. மட்டாஞ்சேரி துருத்தியில் 2025-இல் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் 394 குடும்பங்களுக்கு வீடு கிடைத்ததே! பல ஆண்டுகள் இழுத்தாலும் காரியம் நடந்தது.

எனவே என் யோசனை இதுதான். சங்க இளைஞர்கள் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குடும்பங்கள் உள்ள வீடுகளுக்குச் சென்று நான்கு கேள்விகள் கேட்கட்டும். குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது? வாசலில் சாக்கடை தேங்குகிறதா? தனிக் கழிப்பறை உண்டா? ரேஷன் அட்டை எந்த ஊரில் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அட்டை தென்காசிப் பக்கமும் உடம்பு மட்டாஞ்சேரியிலும் இருந்தால், அவசரத்தில் அங்குள்ள காப்பீடும் கைக்கு எட்டாமல் போகலாம், இங்குள்ள காருண்யா திட்டத்திலும் பெயர் இல்லாமல் போகலாம். விவரங்களைத் தெருவாரியாக எழுதி, வரைபடத்தோடு கவுன்சிலரிடம் கொடுத்து, மூன்று மாதத்துக்கொரு முறை போய்க் கேட்போம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன். வாய்க்கால்களின் வாட்டம் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்கத் தயார். ரசமட்டம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.