கக்கன் விட்டுச் சென்ற கணக்கு

எண்ணம், இரக்கம், நேர்மை ஆகியவற்றைத் தனித்தனிப் பண்புகளாகக் கருதி, ஒருவரிடம் அவற்றுள் ஒன்றைக் கண்டதும் அதை மட்டும் எடுத்துப் புகழ்ந்துவிட்டு அமைதியடையும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கையூட்டு வாங்காதவரை நேர்மையாளர் என்கிறோம்; அந்தக் கை ஏன் நீளவில்லை, அந்த மனம் எவற்றையெல்லாம் எண்ணி அந்நிலைக்கு வந்தது என்று கேட்பதில்லை. கேட்காமல் வழங்கும் புகழ் புகழப்படுவோர்க்கும் பயன் தராது, புகழ்வோர்க்கும் பயன் தராது.

ஆண்டுதோறும் இவ்வாறு புகழப்படுவோருள் தலையாயவர், விடுதலைப் போராளியும் முன்னாள் அமைச்சருமான பூ. கக்கன். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். தந்தை ஊர்க்கோயிற் பூசாரி. தந்தையின் கையால் பூசை பெற்ற தெய்வம் ஊருக்குள் இருக்க, மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாயிலை அம்மகன் தாண்டலாகாது என்பதே அந்நாளைய நடைமுறை. அந்த முரணை உற்றுநோக்கிய உள்ளத்தில்தான் கக்கனின் பொதுவாழ்வு முளைத்தது என்று நாம் கருதுகிறோம்.

1939 சூலை 8 அன்று மதுரைக் காங்கிரசுத் தலைவர் அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல, அந்த வாயிலை மிதித்து உள்ளே சென்ற சிலருள் கக்கனும் ஒருவர். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தனர். எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. அவ்வாண்டிலேயே இராசாசியின் அமைச்சரவை ஆலயப் பிரவேசச் சட்டத்தைக் கொணர்ந்து அச்செயலுக்குக் காப்பளித்தது. வரலாற்று நூல்கள் சட்டத்தைப் பேசுகின்றன. நம் நெஞ்சில் நிற்பதோ, சட்டம் துணைக்கு வருமுன்பே, அடி விழுமா வழக்கு வருமா என்று அறியாத நிலையில், வாயிற்படியில் வைக்கப்பட்ட காலடி. அன்று தம்மை உடனழைத்துச் சென்ற பெரியவரை வாழ்நாள் முழுதும் தந்தையாகவே மதித்தார் கக்கன். இழிவுக்கு உள்ளானவன் வெறுப்பை வளர்த்துக்கொள்ளாமல் நன்றியை வளர்த்துக்கொள்வது எளிதன்று. அதற்கு ஓர் உள்ளம் தன்னோடு எத்தனை நாள் போராடியிருக்க வேண்டும்!

விடுதலைப் போரில் சிறை, அரசமைப்பு அவையில் உறுப்புரிமை, 1952 முதல் நாடாளுமன்றம், 1957 முதல் 1967 வரை மாநில அமைச்சரவை என அவர் வாழ்வு நடந்தது. பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகிய பெருந்துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. வைகை அணை எழுந்து நின்றது அவர் பொதுப்பணித் துறையைக் கவனித்த காலத்தில். ஒப்பந்தமும் பணியமர்த்தலும் காவலும் ஒரு கையொப்பத்தில் அடங்கிய பத்தாண்டுகள் அவை. 1967 தேர்தலில் தோற்றுப் பதவி நீங்கியபோது, சொந்தமென்று சொல்லச் சென்னையில் ஒரு வீடு அவருக்கு இல்லை. வாடகை வீட்டில் இருந்தார். மாநகரப் பேருந்தில் பிறரோடு நின்று சென்றார்.

இவ்விடத்தில் நாம் சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்றுண்டு. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் எழுந்தபோது உள்துறை கக்கனிடம் இருந்தது. சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் குண்டுக்கு இரையானார். பொள்ளாச்சி உள்ளிட்ட ஊர்களிலும் துப்பாக்கி வெடித்தது. பல உயிர்கள் போயின. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு அது என்பது மெய்யே. ஆயினும் துறைக்குரியவர் கை தூய்மையாக இருந்தது என்பதால் அந்தக் குருதி குறைந்துவிடாது. தனிமனிதத் தூய்மை அரசின் செயலுக்கு ஈடாகாது. இரக்கமுள்ள ஒருவரும் அதிகாரத்தின் பொறிக்குள் நின்று அதை நிறுத்த இயலாமற் போகலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இதை மறைத்து அவரைப் போற்றுவது, நேர்மை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கே மாறானது.

அவருடைய இறுதி ஆண்டுகளுள் ஒருநாள், மதுரை அரசினர் மருத்துவமனையில் வேறொருவரை நலம் கேட்க வந்த முதலமைச்சர் ம.கோ. இராமச்சந்திரன், முன்னாள் உள்துறை அமைச்சர் அங்கே பொதுப்பிரிவில் கிடக்கிறார் என்று கேட்டு அவரிடம் சென்றார். காங்கிரசுக்காரரான கக்கனுக்குக் கட்சியால் எதிரணியில் நின்றவர் அவர். கண்டு கலங்கினார் என்கிறார்கள். சிறப்பறைக்கு மாற்ற முன்வந்தபோது கக்கன் வேண்டாமென்றார் என்பதும் பலர் வழியாக நாம் கேட்டது. பின்னர் அரசு உதவி அவரைத் தேடி வந்தது. 1981 திசம்பர் 23-இல் அவர் மறைந்தார்.

அந்தப் பொதுப்பிரிவைச் சொல்லிச் சொல்லி நாம் நெகிழ்கிறோம். நெகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் வறுமையே அவர் பெருமை என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. அவர் தேடிக்கொண்டது நேர்மையை, வறுமையை அன்று. அமைச்சராகப் பத்தாண்டுகள் மக்களுக்கு உழைத்தவரைப் பொதுப்பிரிவில் முதலமைச்சர் தற்செயலாகக் காண நேர்ந்தது இந்நாட்டின் மீதுள்ள குற்றச்சாட்டு. அதை அவருக்குச் சூட்டும் அணியாக மாற்றிக்கொண்டால், நேர்மையாக இருந்தால் இதுவே கிடைக்கும் என்று அடுத்த தலைமுறைக்கு அறிவித்தவர்கள் ஆவோம். அரசு அலுவலகத்தில் முதல்முறை ஒருவர் கையூட்டு உறையை நீட்டக் காணும் இளைஞன், வாங்க மறுத்த பின் வீட்டில் யாரிடம் அதைச் சொல்வான், யார் அவன் தோளைத் தட்டுவார் என்பதில்தான் நேர்மை பற்றிய கேள்வி இன்று உயிரோடு நிற்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளால், வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டுமென்ற நிலை 2003 முதல் உறுதியாகியுள்ளது. அத்தாளை எவரும் பார்க்கலாம், பார்ப்போர் சிலரே. ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையில் அதிலுள்ள எண்கள் எவ்வாறு வளர்ந்தன என்று கேட்போர் அவர்களுள்ளும் சிலரே. தும்பைப்பட்டியில் கக்கனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அங்கே மாலையோடு செல்லும் கட்சித் தலைவர்களை நாம் பணிந்து கேட்பது ஒன்றே: கடைசியாக நீங்கள் ஒப்பமிட்ட அந்த உறுதிமொழித் தாளையும் கையில் கொண்டு சென்று, மாலையிடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.