இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு

பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். "மருந்து வேலை செய்தால் போதும் சார். அது செல்லின் சவ்வை எப்படித் தொடுகிறது, எப்படி நுழைகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய அரசாங்கப் பணம் எதற்கு?" என்னைப் போல ஃப்ரெஞ்சில் படித்தவர்கள் இதையே "ஆ குவா ஸா ஸேர்?" என்பார்கள். கேள்வி கேட்கட்டும். ஆனால் 'ஒன்றுமில்லை' என்ற பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2021 நினைவிருக்கிறதா? கோவிட்டிலிருந்து பிழைத்து வந்தவர்களைக் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. அதில் பலர் நம்மைப் போலச் சர்க்கரை நோய்க்காரர்கள். கண்ணை இழந்தார்கள், தாடையை இழந்தார்கள். அப்போது ஊர் ஊராக உறவினர்கள் தேடி அலைந்த மருந்தின் பெயர் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி. அந்த 'லிப்போசோமல்' என்ற முதல் சொல்லில்தான் என் வாதம் முழுதும் இருக்கிறது.

ஆம்ஃபோடெரிசின் 1950களிலேயே கிடைத்துவிட்டது. வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தார்கள். பூஞ்சையைக் கொன்றது. கூடவே குளிர், நடுக்கம், காய்ச்சல், கடைசியில் சிறுநீரகக் கோளாறு. டாக்டர்களே அதை 'ஆம்ஃபோடெரிபிள்' என்று கேலி செய்தார்கள். வேலை செய்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே போதுமான மருந்துதான்!

ஏன் சிறுநீரகம் கெட்டது? ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால், நம் சவ்வில் கொலஸ்டிரால். இரண்டும் பங்காளிகள், முகச்சாயல் ஒன்று. மருந்து முன்னதை இறுகப் பிடிக்கிறது, பின்னதையும் கொஞ்சம் பிடிக்கிறது. இதைக் கண்டறிந்தவர்கள், எதற்கென்று நம்மவர்கள் கேட்கும் அதே சவ்வு ஆராய்ச்சிக்காரர்கள்.

இன்னொரு பக்கம், 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்பவர், முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்ற கொழுப்பு தண்ணீரில் என்ன செய்கிறது என்று பார்த்தார். அது தானாகவே குட்டிக் குட்டிக் குமிழ்களாகச் சுருண்டது. அவைதான் லிப்போசோம்கள். அன்றைக்கு நம் அலுவலகத்தில் அந்தக் கோப்பு வந்திருந்தால், 'உடனடிப் பயன் யாது?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருப்பார்கள். அப்படித் திரும்பிய கோப்புகளை நிறையப் பார்த்தவன் நான். பின்னாளில் ஆம்ஃபோடெரிசினை அந்தக் கொழுப்புக் குமிழில் வைத்துக் கொடுத்தபோது, சிறுநீரகத்துக்கு வந்த சேதம் வெகுவாகக் குறைந்தது.

"வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம்" என்பது அடுத்த வாதம். பீகாரைப் பாருங்கள். காலா அசார் அங்கே ஏழைகளின் நோய். பழைய ஆம்ஃபோடெரிசின் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 தடவை, 29 நாள் ஆஸ்பத்திரி. முசாபர்பூரில் நம் மருத்துவர்கள் 412 நோயாளிகளிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். குமிழ் மருந்து ஒரே தடவை ஏற்றியதில் 95.7 சதவீதம் பேர் குணம். பழைய முறையில் 96.3. ஏறக்குறைய சமம். கூலிக்காரன் ஒருவனுக்கு ஒரு மாதக் கூலி மிச்சம் என்றால் அது சின்ன விஷயமா?

மருந்து விலை அதிகம் என்பது உண்மை. அதற்காக விலையோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆராய்ச்சியோடு ஏன் சண்டை?

ஆராய்ச்சியும் அதோடு முடியவில்லை. 2014இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், இந்த மருந்து சவ்வின் மேல் பஞ்சுபோல் உட்கார்ந்து எர்கோஸ்டெராலை உறிஞ்சி எடுக்கிறது என்று காட்டினார்கள். அந்த அறிவை வைத்தே, கொலஸ்டிராலைத் தொடாமல் எர்கோஸ்டெராலை மட்டும் உறிஞ்சும்படி மூலக்கூறை மாற்றி 2023இல் வெளியிட்டார்கள். எலிகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கவில்லை. மனிதருக்கு மருந்தாக வர இன்னும் படிகள் உண்டு. ஆனால் வழி எங்கிருந்து கிடைத்தது?

ஆகவே பணத்தை வெட்டு என்பவர்களுக்கு ஒரே கோரிக்கை. நாளை நமக்கு ஊசி வழியே ஏறவேண்டிய எந்த மருந்தை வெட்டச் சொல்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.